30 கிராம் மாட்சா, சொந்த பிராண்டில்: டின்னா, பவுச்சா, எதிலிருந்து தொடங்குவது?

கொங்கு_கோப்பை கேட்டது:

வணக்கம். கோவையில் இருந்து சொந்தப் பெயரில் மாட்சா (ஜப்பானியப் பச்சைத் தேயிலைத் தூள்) விற்கத் திட்டம். ஜப்பானில் இருந்து இறக்குமதி செய்யும் ஒருவரிடம் 1 கிலோ அலுமினியப் பைகளாக வாங்கி, கான்ட்ராக்ட் பேக்கிங் யூனிட்டில் நிரப்பப் போகிறோம். முதல் லாட் 30 கிலோ. அதில் 20 கிலோ 30 கிராம் பேக்காகவும், 10 கிலோ 2 கிராம் ஸ்டிக்காகவும் (ஒரு பெட்டிக்கு 15 ஸ்டிக்). பிறகு சர்க்கரை, பால்பவுடர் கலந்த லாட்டே மிக்ஸ் 200 கிராம் கொண்டுவரும் எண்ணமும் இருக்கிறது.

டிசைனர் கிராஃப்ட் பேப்பர் பவுச் காட்டியிருக்கிறார், நடுவில் பச்சைத் தூள் தெரிகிற மாதிரி ஒரு ஜன்னல். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பவுச் சப்ளையர் "மெட்பெட் போதும், ஃபாயில் தண்டச் செலவு" என்கிறார். பிரிண்ட் போட்ட பவுச் வேண்டுமென்றால் குறைந்தது 200 கிலோ எடுக்க வேண்டுமாம். பேக்கிங் யூனிட்டில் இப்போது மசாலாப் பொடிகள் ஓடுகின்றன, நைட்ரஜன் எல்லாம் தேவையில்லை என்கிறார்கள். லேபிளில் என்னென்ன கட்டாயம் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எதை முதலில் முடிவு செய்வது?

---

ஃபாயில்_ரோல்:

முதலில் அந்த ஜன்னலை அடைத்துவிடுங்கள். மாட்சாவுக்கு விலை கிடைப்பதே நிறத்துக்கு. வெளிச்சம், ஆக்ஸிஜன், சூடு, ஈரம் நான்கும் குளோரோஃபில்லைத் தின்னும். கடை அலமாரியில் டியூப்லைட் பக்கம் ஜன்னல் பவுச் சில வாரம் நின்றால், ஜன்னல் இருந்த இடத்தில் மட்டும் தூள் பழுப்பேறி இருப்பது கண்ணுக்கே தெரியும்.

மெட்பெட் என்பது பாலியெஸ்டர் ஃபிலிம் மேல் ஆவியாகப் படிந்த அலுமினியப் பூச்சு. வெளிச்சத்தை ஓரளவு தடுக்கும், ஆனால் ஆக்ஸிஜனும் ஈரமும் மெதுவாக நுழைந்துகொண்டே இருக்கும். மூன்று மாதத்தில் விற்றுத் தீரும் சிப்ஸுக்கு அது போதும். ஒரு வருடம் நிற்க வேண்டிய 5 முதல் 20 மைக்ரான் தூளுக்குப் போதாது. கேட்க வேண்டிய அமைப்பு இது: 12 மைக்ரான் பெட் (பாலியெஸ்டர்), 9 மைக்ரான் அலுமினியம் ஃபாயில், 75 மைக்ரான் எல்டிபிஇ (சூட்டில் ஒட்டும் உள்பக்க பிளாஸ்டிக்). விலையைக் குறைக்க 7 மைக்ரான் ஃபாயில் தருவார்கள். அதில் ஊசித்துளை அதிகம், நிற்கும் பவுச்சின் அடி மடிப்பில் விரிசலும் விடும். கிராஃப்ட் தோற்றம்தான் வேண்டுமென்றால் வெளியில் கிராஃப்ட் பேப்பர், உள்ளே ஃபாயில், அதற்குள் எல்டிபிஇ என்று கேளுங்கள். அமைப்பை பர்ச்சேஸ் ஆர்டரில் மைக்ரானோடு எழுதி வாங்குங்கள். "ஃபாயில் பவுச்" என்று வாயால் சொன்னால் மெட்பெட்டும் அந்தப் பெயரிலேயே வந்து இறங்கும்.

அந்த 200 கிலோவுக்கு ஒரு கணக்கு. 100க்கு 150 மில்லிமீட்டர், அடி மடிப்பு 60 என்றால் ஒரு பவுச்சுக்குப் போகும் ஃபிலிம் 0.036 சதுர மீட்டர். மேலே சொன்ன அமைப்பு பசையோடு சேர்த்துச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 116 கிராம். ஆக ஒரு பவுச் 4.2 கிராம். 200 கிலோ என்றால் 47,000 பவுச். கழிவு போனாலும் 43,000, 44,000 நிற்கும். உங்களுக்கு இப்போது வேண்டியது 666. கிராவூர் பிரிண்டிங்கில் கலருக்கு ஒரு சிலிண்டர் செலவு வேறு. முகவரி மாறினால், பேக்கர் மாறினால், லைசென்ஸ் எண் மாறினால் மொத்தமும் எடைக்குத்தான் போகும்.

அதனால் முதல் இரண்டு லாட்டுக்கு ரெடிமேட் மேட் கருப்பு அல்லது வெள்ளை ஃபாயில் பவுச் வாங்கி, நல்ல லேபிள் ஒட்டுங்கள். அல்லது டிஜிட்டல் பிரிண்ட் பவுச், சில நூறு, ஆயிரம் என்ற அளவில் கிடைக்கும். ஒரு பவுச்சுக்கு விலை கூடத்தான். ஆனால் குடோனில் முடங்கும் பணத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

இன்னொன்று, வாடை. புது லாமினேட்டில் (அடுக்கடுக்காக ஒட்டிய ஃபிலிம்) மை, பசையின் சால்வென்ட் மிச்சம் இருந்தால் மாட்சா அப்படியே இழுத்துக்கொள்ளும். லாமினேஷன் முடிந்து குறைந்தது இரண்டு நாள் க்யூரிங் ஆன பிறகுதான் பவுச் அடிக்கச் சொல்லுங்கள். டொலுவின் இல்லாத மை, உணவுப் பேக்கிங் மைக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 15495 படி என்று எழுத்தில் கேளுங்கள். வந்த பவுச்சில் நாலைந்தைத் துண்டாக்கிச் சுத்தமான கண்ணாடி ஜாடியில் மூடி, வெயில் படும் இடத்தில் இரண்டு மணி நேரம் வைத்துத் திறந்து மோந்து பாருங்கள். பெயின்ட் வாடை வந்தால் லாட்டைத் திருப்பி அனுப்பலாம், வாதாடவே தேவையில்லை.

---

முத்திரை_எடை:

லேபிள் பற்றி மட்டும் சொல்கிறேன்.

உங்கள் மாடலில் மூன்று பேர் இருக்கிறார்கள்: இறக்குமதியாளர், பேக்கர், நீங்கள். இறக்குமதியாளருக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) சென்ட்ரல் லைசென்ஸும் ஐஇசியும் (இறக்குமதி-ஏற்றுமதி எண்) இருக்க வேண்டும். பேக்கருக்கு ரீபேக்கர் வகையில் லைசென்ஸ் வேண்டும். மசாலா உற்பத்தி லைசென்ஸை மட்டும் காட்டினால், எஃப்எஸ்எஸ்ஏஐயின் ஃபாஸ்காஸ் லைசென்ஸ் தளத்தில் அவர் எண்ணைப் போட்டுத் தேயிலை ரீபேக்கிங் சேர்ந்திருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள். மார்க்கெட்டர் என்ற முறையில் உங்களுக்கும் தனியாக ஒன்று வேண்டும். எடையளவுச் சட்டத்தின் கீழ் பேக்கர் பதிவு வேறு. அதையும் கேட்டு நகல் வாங்கி வையுங்கள்.

பேக்கில் வர வேண்டியவை: பொருளின் பெயர் (பிராண்ட் பெயர் மட்டும் போதாது, "மாட்சா, பச்சைத் தேயிலைத் தூள்" என்ற அளவுக்குத் தெளிவாக), சேர்மானம், பச்சை வெஜ் குறி, நிகர எடை, பேட்ச் எண், பேக் செய்த தேதி, காலாவதித் தேதி, பேக்கர் பெயரும் முகவரியும், "மார்க்கெட்டட் பை" என்று உங்கள் பெயரும் முகவரியும், இருவரின் லைசென்ஸ் எண்கள், எஃப்எஸ்எஸ்ஏஐ லோகோ, இறக்குமதியாளர் விவரம், எந்த நாட்டில் விளைந்தது என்பது, எம்ஆர்பி எல்லா வரியும் உட்பட, ஒரு கிராம் விலை, புகார் தொலைபேசியும் மின்னஞ்சலும், எப்படி வைத்துக்கொள்வது என்ற குறிப்பு. ஒரு கிராம் விலையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 30 கிராம் ரூ. 900 என்றால் "கிராமுக்கு ரூ. 30.00" என்று எம்ஆர்பி பக்கத்திலேயே வர வேண்டும்.

ரீபேக் செய்வதால் நாடு மாறாது. ஜப்பான் தூளைக் கோவையில் பவுச்சில் போட்டு "மேட் இன் இந்தியா" என்று அடித்தால் தவறான லேபிள்.

தூய மாட்சாவுக்கு ஊட்டச்சத்து அட்டவணை கட்டாயம் இல்லை. வேறு எதுவும் சேராத தேயிலைக்கு 2020 லேபிளிங் விதிகளில் விலக்கு உண்டு. லாட்டே மிக்ஸுக்கு அந்த விலக்கு கிடையாது. அங்கே சேர்த்த சர்க்கரை வரைக்கும் முழு அட்டவணை, "பால் உள்ளது" என்ற அலர்ஜி அறிவிப்பு, பெயரிலேயே மாட்சாவை முன்னிறுத்துவதால் எத்தனை சதவீதம் மாட்சா என்பதும் வர வேண்டும். 4% மாட்சா போட்டுவிட்டுப் பெட்டி முழுக்கப் பச்சை அடிக்கும் ஆட்களுக்கு இந்த இடத்தில்தான் வலிக்கும்.

"டீடாக்ஸ்", "கொழுப்பைக் கரைக்கும்" போன்ற வரிகளை டிசைனர் எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள். "செரிமோனியல் கிரேடு" என்பதற்கு இங்கேயும் ஜப்பானிலேயும் சட்ட வரையறை கிடையாது. போடலாம், ஆனால் அதை நம்பி விலை வைக்காதீர்கள். "உஜி" என்று போடுவதென்றால் சப்ளையரிடம் எழுத்து ஆதாரம் வாங்குங்கள். கியோட்டோ, நாரா, ஷிகா, மியே ஆகிய நான்கு மாகாணத் தேயிலை, கியோட்டோவில் முடித்து எடுத்ததுதான் அங்கே உஜிச்சா. ககோஷிமா தூளுக்கு உஜி பெயர் வைத்தால் விஷயம் தெரிந்த ஒரு வாடிக்கையாளர் போதும், இணையத்தில் கிழித்துவிடுவார். ஆர்கானிக் என்பதற்கும் ஜப்பானின் ஜாஸ் முத்திரையை மட்டும் காட்டித் தப்பிக்க முடியாது, இந்திய ஆர்கானிக் முத்திரையான ஜைவிக் பாரத் விதிகளுக்குள் வர வேண்டும்.

கடைசியாக, மாறக்கூடிய விவரம் எதையும் நிரந்தர பிரிண்டில் போடாதீர்கள். பேட்ச், தேதிகள், எம்ஆர்பி, கிராம் விலை நான்கும் இன்க்ஜெட்டில். மேட் லாமினேஷன் மேல் அந்த மை ஒட்டாமல் விரலில் வந்துவிடும். அதனால் 45க்கு 20 மில்லிமீட்டர் அளவில் வார்னிஷ் இல்லாத வெள்ளைக் கட்டம் ஒன்றை டிசைனிலேயே விடச் சொல்லுங்கள். பார்கோடு தங்கம், வெள்ளிப் பின்னணியில் ஸ்கேன் ஆகாது. சிவப்புக் கோடும் ஆகாது. வெள்ளை மேல் கருப்பு போடுங்கள்.

---

ஆகர்_ஹாப்பர்:

மேலே இருவரும் சொன்னது சரி. ஆனால் மாட்சா கெடுவது பெரும்பாலும் பவுச்சுக்குள் போன பிறகு இல்லை, நிரப்பும் அந்த அரை மணி நேரத்தில்.

மசாலா யூனிட்டில் போடவே போடாதீர்கள். மெஷினைக் கழுவினாலும் சீரகம், பூண்டு வாடை ஹாப்பர் (தூள் கொட்டும் தொட்டி) இடுக்கிலும் ஏசி டக்டிலும் இருக்கும். ரசப்பொடி மணக்கும் மாட்சாவை எந்த நைட்ரஜனும் காப்பாற்றாது. தேயிலை, பால்பவுடர், நியூட்ராசூட்டிகல் பவுடர் போடும் யூனிட்டாகத் தேடுங்கள். வாடை இல்லாத தனி அறையும் ஈரம் குறைக்கும் வசதியும் அங்கேதான் இருக்கும்.

அறை ஈரப்பதம் 45 சதவீதத்துக்குக் கீழே, வெப்பம் 20 முதல் 22 டிகிரி. மொத்தப் பை குளிரில் இருந்து வரும். வந்ததும் திறக்கக் கூடாது. மூடியபடியே 12 முதல் 24 மணி நேரம் அறை வெப்பத்துக்கு வரவிட்டுப் பிறகு வெட்டுங்கள். 5 டிகிரியில் இருக்கும் பையை நம்மூர்க் காற்றில் திறந்தால் தூள் மேலேயே பனி பூத்துக் கட்டியாகிவிடும். அந்தக் கட்டி சல்லடையில் உடையும், ஏறிய ஈரம் இறங்காது. திறந்த பையை அன்றே முடித்துவிடுங்கள். பாதிப் பையை ரப்பர் பேண்ட் போட்டு வைக்கும் பழக்கம் இதற்கு உதவாது.

60 மெஷ் சல்லடை, பிறகு காந்தம், பிறகு ஆகர் ஃபில்லர் (திருகு சுற்றி நிரப்பும் மெஷின்). கப்பால் அளந்து கொட்டும் கப் ஃபில்லர் வேண்டாம். இந்தத் தூள் ஹாப்பரில் பாலம் கட்டி நின்றுவிடும், திடீரென்று கொட்டும். உள்ளே மெதுவாகச் சுற்றும் கிளறி கட்டாயம் வேண்டும். காற்றை உறிஞ்சி உப்புவதால் காலையில் செட் செய்த எடை மதியம் மாறும். 20 பேக்குக்கு ஒருமுறை எடை பாருங்கள். 50 கிராம் வரை உள்ள பேக்குக்கு அனுமதிக்கப்பட்ட குறை 9 சதவீதம், அதாவது 30 கிராமில் 2.7 கிராம், 2 கிராம் ஸ்டிக்கில் 0.18 கிராம். ஆனால் சராசரி 30க்குக் கீழே போகவே கூடாது. இலக்கை 30.4 என்று வையுங்கள்.

லீக் வருவதற்கு முதல் காரணம் சீல் இடத்தில் ஒட்டிய தூள். மாட்சா நிலைமின்சாரத்தில் பவுச்சின் உள்சுவரில் ஏறி நிற்கும். சீல் வெளியே பார்க்கப் பளபளவென்று இருக்கும், உள்ளே பச்சைக் கோடு ஓடும். புனல் வாய் ஜிப்புக்குக் கீழே இறங்க வேண்டும், நிலைமின்சாரத்தைப் போக்கும் அயனைசர் பார் ஒன்று, தூசி உறிஞ்சி ஒன்று, சீல் அகலம் 8 முதல் 10 மில்லிமீட்டர். மணிக்கு ஐந்து பவுச் எடுத்து வாக்குவம் டப்பாவில் தண்ணீருக்குள் வைத்துக் குமிழி வருகிறதா பாருங்கள். ஜிப்புக்குள் தூள் அடைத்தால் அது மூடவே மூடாது. வாடிக்கையாளர் வீட்டிலும் இதேதான் நடக்கும், அதனால் மாட்சாவுக்கு ஜிப் பவுச்சே எனக்கு உடன்பாடு இல்லை.

நைட்ரஜன் வேண்டும். ஆனால் மேலாக ஒரு பீச்சு பீச்சிவிட்டு "ஃப்ளஷ் பண்ணியாச்சு" என்பார்கள். தூளின் இடுக்குகளில் இருக்கும் காற்று அதில் வெளியேறாது. சீல் செய்தவுடன் உள்ளே மிச்ச ஆக்ஸிஜனை அளந்தால் 1 சதவீதம் காட்டும், மறுநாள் அதே பவுச் 4, 5 காட்டும். அளவை 24 மணி நேரம் கழித்து எடுக்கச் சொல்லுங்கள். அப்போதும் 2க்குக் கீழே இருந்தால்தான் ஏற்றுக்கொள்ளலாம்.

---

டின்_மூடி:

ஜிப் விஷயத்தில் ஹாப்பர் அண்ணன் பக்கம்தான் நானும். 30 கிராமுக்குச் சரியான வடிவம் சின்ன டின், அதற்குள் ஜிப் இல்லாத சாதா ஃபாயில் பை. காற்றுப்புகாத வேலையை உள்பை பார்க்கும். திறந்த பிறகு மூடி வைக்கும் வேலையை டின் பார்க்கும். அழுத்தி மூடும் டின் மட்டும் காற்றைத் தடுக்காது, அதை நம்பித் தூளை நேரடியாகக் கொட்டாதீர்கள். இழுத்துத் திறக்கும் அலுமினிய மூடி சீம் செய்த (விளிம்பை மெஷினில் மடித்து இறுக்கிய) டின் என்றால் நேரடியாக நிரப்பலாம், ஆனால் அதற்குச் சீமிங் மெஷின் உள்ள பேக்கர் வேண்டும்.

நைட்ரஜனில் மாற்றுக் கருத்து உண்டு. 666 பேக்குக்கு அதைத் தேடி அலைவதைவிட ஆக்ஸிஜன் அப்சார்பர் (ஆக்ஸிஜனை உறிஞ்சும் சின்னப் பொட்டலம்) போடலாம். கணக்கு இது: 110 மில்லி கொள்ளளவில் 30 கிராம் தூள், திடப்பொருளாக மட்டும் பார்த்தால் 20 மில்லிதான். மிச்சம் 90 மில்லி காற்று, அதில் 21 சதவீதம், ஏறக்குறைய 19 மில்லி ஆக்ஸிஜன். 30 சிசி (30 மில்லி ஆக்ஸிஜனை இழுக்கும்) பொட்டலம் கணக்குக்குப் போதும், 50 சிசி போட்டால் நிம்மதி. இடுக்கில் உள்ள காற்றையும் அது மெதுவாக இழுத்துவிடும், ஃப்ளஷ்ஷிங்கால் முடியாதது அதுதான்.

ஒரு எச்சரிக்கை. அப்சார்பரில் இரண்டு வகை. ஒன்று உணவில் உள்ள ஈரத்தை வைத்து வேலை செய்யும். மாட்சாவில் ஈரம் 5 சதவீதம் அளவுதான், அங்கே அது சும்மா கிடக்கும். தனக்குள்ளேயே ஈரம் வைத்திருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். மூட்டையைப் பிரித்தால் ஒரு மணி நேரத்துக்குள் போட்டு சீல் ஆக வேண்டும். "உண்ணாதீர்கள்" என்பது பொட்டலத்திலேயே தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும்.

---

கொங்கு_கோப்பை:

மிக்க நன்றி அனைவருக்கும். ஜன்னலையும் மசாலா யூனிட்டையும் விட்டாச்சு. டின்னும் உள்பையும் என்று முடிவு. ஸ்டிக் பற்றி யாராவது சொல்லுங்கள். இறக்குமதியாளர் தரும் தூள் புதுசா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவர் காலாவதி 12 மாதம் என்கிறார்.

---

ஃபாயில்_ரோல்:

ஸ்டிக்கை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள் என்பேன். 2 கிராமுக்கு அதே மூன்றடுக்கு ஃபிலிம்தான், ஆனால் தூளின் எடைக்கு ஃபிலிம் பரப்பும் சீல் நீளமும் பல மடங்கு. ஒரு சீலில் தூள் ஒட்டினால் அந்த ஸ்டிக் காலி. பல லேன் ஸ்டிக் மெஷினில் நைட்ரஜன் சரியாக உள்ளே போவதில்லை, அப்சார்பர் போட இடமும் இல்லை. போட்டே ஆக வேண்டுமென்றால் காலாவதியை 6 மாதமாக வைத்து, ஸ்டிக்கிலேயே பெயர், எடை, பேட்ச், தேதி அடியுங்கள். பெட்டி தொலைந்த பிறகு ஸ்டிக் மட்டும்தான் கையில் இருக்கும். லாட்டே மிக்ஸிலும் ஒரு வேலை இருக்கிறது: சர்க்கரையைப் பொடியாக்கியே கலக்குங்கள். பரல் சர்க்கரையோடு மாட்சாவைக் கலந்தால் வண்டி ஆட்டத்தில் தனித்தனியாகப் பிரிந்து, முதல் கப் பச்சை, கடைசி கப் சீனித் தண்ணீர்.

---

முத்திரை_எடை:

12 மாதம் என்பதை எங்கிருந்து எண்ணுகிறார் என்று கேளுங்கள். இறக்குமதி விதிப்படி சுங்கத்தில் விடுவிக்க 60 சதவீத ஆயுள் அல்லது 3 மாதம், இரண்டில் எது குறைவோ அது மிச்சம் இருந்தால் போதும். 12 மாதச் சரக்குக்கு அது 3 மாதம். அதாவது 9 மாதம் ஆன தூள் சட்டப்படியே உள்ளே வரலாம். நீங்கள் ரீபேக் செய்த தேதியில் இருந்து புதிதாக 12 மாதம் போடவும் முடியாது. ஜப்பான் பையில் உள்ள தேதிதான் எல்லை. ஆன்லைனில் விற்றால் டெலிவரி நேரத்தில் 30 சதவீத ஆயுள் அல்லது 45 நாளாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று எஃப்எஸ்எஸ்ஏஐ 2024 நவம்பரில் சொல்லியிருக்கிறது.

ஆகவே அரைத்த தேதி, ஒவ்வொரு லாட்டுக்கும் பகுப்பாய்வுச் சான்று, பூச்சிக்கொல்லி எச்ச அறிக்கை மூன்றும் வாங்காமல் முன்பணம் தராதீர்கள். ஜப்பானில் அனுமதித்த மருந்துக்கு இங்கே வரம்பு வகுக்கப்படாமல் இருந்தால் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் அளவுகோல், அங்கே பாஸ் ஆனது இங்கே ஃபெயில் ஆகும். அடிப்படைச் சுங்கவரியே 100 சதவீதம் என்பதால் திருப்பி அனுப்பும் சரக்கின் வலி இரட்டிப்பு.

---

ஆகர்_ஹாப்பர்:

நிறம் பார்க்க லேப் வேண்டாம். முதல் லாட்டில் இருந்து 20 கிராமை ஃபாயிலில் சீல் செய்து ஃப்ரீசரில் வையுங்கள், அதுதான் அளவுகோல். புது லாட் வரும்போது இரண்டையும் வெள்ளைத் தாளில் பக்கம் பக்கமாக வைத்து விரலால் ஒரே இழுப்பு இழுங்கள். புதுசு பளிச்சென்ற பச்சையில் வழவழவென்று நீளும். பழசு மஞ்சள் கலந்து, இழுப்பு பாதியில் திரிதிரியாக நிற்கும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், எல்இடி பல்பு ஏமாற்றும்.

ஆர்டர் வரிசையிலும் கவனம்: டின், உள்பை, லேபிள், அப்சார்பர் நான்கும் கைக்கு வந்து, காலிப் பையில் சீல் டெஸ்ட் முடிந்த பிறகுதான் தூளுக்குப் பணம் கட்டுங்கள். லேபிள் பிரிண்டர் மூன்று வாரம் இழுத்தால் அந்த மூன்று வாரமும் தூளின் ஆயுளில் இருந்துதான் போகும்.